ஒன்பது மஞ்சள் குழிகள்

அந்த ஆட்டை நான் பார்த்ததில்லை. எந்த நாட்டில், எந்தக் கொட்டிலில் நின்று என்ன தின்றதோ தெரியாது. ஆனாலும் மூன்று வாரம் அதை நான் திட்டாத நாளே இல்லை.

எங்கள் ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியின் இரண்டாம் தட்டில் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு போத்தல் இருக்கும். அதற்குள் இருப்பது அந்த ஆடு கொடுத்த பொருள். மனித இரத்தத்தில் நோயை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற புரதத்தை ஆட்டுக்கு ஊசியாக ஏற்றினால், ஆட்டின் உடம்பு அதை அந்நியன் என்று பிடித்துக்கொள்ளும் பிறபொருளெதிரியை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்து, ஒரு காரக் கிழங்கிலிருந்து எடுத்த நொதியத்தை அதன்மேல் ஒட்டி விற்கிறார்கள். கொன்ஜுகேட் என்று சொல்வோம். தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் எலிக்காய்ச்சல் கிருமியின் சத்து பூசியிருக்கும். அதில் ஒருவருடைய இரத்தத்தைக் கரைத்து ஊற்றினால், அந்தக் காய்ச்சலைக் கண்ட உடம்பாக இருந்தால் அவருடைய இம்யூனோகுளோபுலின் அங்கே ஒட்டும். அதன்மேல் ஆட்டுச் சரக்கு ஒட்டும். கடைசியாக ஒரு தெளிந்த திரவத்தை விட்டால் நொதியம் அதை நீலமாக்கும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். காய்ச்சல் காணாத உடம்பென்றால் தண்ணீர் மாதிரி வெறுமனே கிடக்கும். எலைசா என்கிற இந்தச் சோதனை அவ்வளவுதான் சங்கதி.

படிக்கும்போது அவ்வளவுதான். செய்யும்போது அந்த ஆட்டுச் சரக்கு ஒரு பிடிவாதக்காரக் குழந்தை. தண்ணீர் சரியில்லையென்றால் கோபிக்கும், வெளியே கொஞ்ச நேரம் வைத்தால் கோபிக்கும், உறைய வைத்தால் ஒரேயடியாகச் செத்துப்போகும். கெடாமல் இருக்கட்டும் என்று மற்ற போத்தல்களில் நாங்கள் சேர்க்கும் மருந்து ஒரு துளி பட்டாலும் நொதியம் வேலையை நிறுத்திவிடும். இவ்வளவு செல்லம் கொடுத்தும், அந்த ஒன்பது குழிகளில் அது என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

மூன்று தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்களிடம், மழைக்கு முன் ஒரு தடவையும் மழைக்குப் பின் ஒரு தடவையும் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் புதிதாகத் தொற்றியது என்று பார்ப்பதுதான் ஆய்வு. வட்டம் போட்ட தடித்த காகித அட்டையில் மூன்று சொட்டு விழுந்து காய்ந்தால் போதும். மூன்றாவது தோட்டம் நான் பிறந்து வளர்ந்தது. றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணிநேரம் ஏறவேண்டும். பட்டியலில் அது முதலில் இல்லை. தூரம், பாதை சரியில்லை என்று ஆய்வை நடத்தும் மேடம் ஒதுக்கி வைத்திருந்தார். நான்தான் விடாமல் கெஞ்சிச் சேர்க்கவைத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் பின்னால் ஓடும், எலிகள் திரியும் கழிவுநீர்க் கான் மழைக்கு நிரம்பி வாசலுக்கே வரும். எத்தனையோ தடவை சொல்லியும் யாரும் வந்து பார்த்ததில்லை. எண்ணிக்கையோடு ஒரு அறிக்கை போனால் பார்ப்பார்கள் என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன், வேறு வழியில்லாமல்.

முதல் தடவை நானே போய் நாற்பது பெண்களிடம் இரத்தம் எடுத்தேன். இரண்டாம் தடவை எனக்கு ஆய்வுகூடத்தை விட்டு அசைய முடியவில்லை. அந்த வேலையை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாறியவர். காலையில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளை விட அங்கேதான் வருவார்கள். ஒரு நாள் முழுக்க அவருக்குப் பழக்கினேன். கை கழுவுவது, குத்துவது, சொட்டு விடுவது, நிழலில் காயவைப்பது எல்லாம் என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். மேடமும் சம்மதித்தார். நாற்பது அட்டையும் குறித்த நாளில், ஒவ்வொன்றும் தனி உறையில், அழகாக வந்து சேர்ந்தன. அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

தட்டைப் போட்டேன். மற்ற இரண்டு தோட்டமும் ஒழுங்காக இருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒன்பது குழிகள் பளிச்சென்று மஞ்சள். அந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கு மழைக்கு முன் வெறும் தண்ணீர் நிறம்.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தட்டைப் பார்த்தார். அவர் சிங்களத்தில்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் மிக மெதுவாக.

"ஒரே லயத்துப் பக்கம் இத்தனை பேருக்கு ஒரு மழையில் வந்திருக்கிறது என்றால், நாம் இப்போதே சுகாதார அலுவலகத்துக்கு ஓடவேண்டும். ஒருத்தருக்காவது காய்ச்சல் வந்ததா?"

வரவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டிருந்தேன். "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க புள்ள" என்றார்.

"அப்படியானால் உன் வேலை அழுக்கு" என்றார் மேடம்.

கழுவியது போதவில்லை என்று எண்ணி, மூன்று தடவை கழுவுவதை ஐந்து தடவையாக்கினேன். தட்டைக் கவிழ்த்துக் காகிதத்தில் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்தது. மஞ்சள் போகவில்லை. கொன்ஜுகேட்டை இன்னும் ஐதாக்கினேன். எல்லாக் குழியும் மங்கியது, ஒன்பதும் மங்கியபடியே மற்றவற்றைவிடப் பளிச்சென்று நின்றன. தண்ணீரை மாற்றினேன். குழிகளின் இடத்தை மாற்றி, ஓரத்தில் இருந்ததை நடுவில் வைத்தேன். இடம் மாறியும் அதே அட்டைகள்தான் மஞ்சளாயின. ஆட்டுச் சரக்கே கெட்டுப்போய்விட்டது, கண்டதிலும் போய் ஒட்டுகிறது என்று முடிவு கட்டினேன். புதுப் போத்தலுக்கு எழுதிப்போட்டு, அது வரும் வரை பன்னிரண்டு நாள் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன். புதுப் போத்தல் வந்தது. வேறு ஆடு. அதே ஒன்பது.

எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. சொட்டு அளக்கும் பிப்பெட்டைத் தூக்கி எறியலாம் போலிருந்தது, அதன் விலையை நினைத்து எறியவில்லை. ரயிலில் யாராவது இருமினால் எரிச்சல், தேநீரில் சீனி கூடினால் எரிச்சல். அம்மா தொலைபேசியில் "சாப்பிட்டியா" என்று கேட்டால்கூட, "எலைசா சரிவரல, நான் எங்க சாப்பிடுறது" என்று சிடுசிடுத்தேன். அம்மா சாப்பாட்டுப் பேச்சை விட்டுவிட்டு, "நான் அனுப்புனது சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். "உங்க வேலை சரிம்மா, இந்த ஆட்டு வேலைதான் சரியில்ல" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி என்று மேடம் சொல்லிவிட்டார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் எங்கள் தோட்டத்தை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு இரண்டு தோட்டத்தோடு அறிக்கை எழுதுவாராம். சந்தேகமான தோட்டத்தை வைத்துக்கொண்டு நல்ல தோட்டங்களையும் கெடுத்துக்கொள்ள முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. எங்கள் கான் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கேட்பதற்கு ஒரு எண்கூட இருக்காது.

அந்தச் சனிக்கிழமை காலை, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல், ஒவ்வொரு குழியின் மஞ்சளுக்கும் கருவி காட்டிய அளவுகளைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கினேன். அது வரைக்கும் நான் எது கூட, எது குறைய என்றுதான் பார்த்திருந்தேன். அடுக்கிய பிறகு ஒன்பதும் ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக வந்து நின்றன. ஒன்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. முதல் தட்டிலும் அப்படித்தான், இரண்டாவதிலும், புதுப் போத்தலிலும். ஒன்பது பெண்களுக்கு ஒரே நோய் வரலாம். ஒன்பது உடம்பும் அதற்கு ஒரே அளவில் பதில் சொல்லாது. ஒரே ஆளின் இரத்தத்தை ஒன்பது குழியில் ஊற்றினால்தான் இப்படி வரும்.

பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் வழக்கம்போலப் பிந்தியது. றொசல்லையில் இறங்கும்போது பகல் ஒரு மணி. குறுக்குப்பாதையில் ஏறும்போது மூச்சு வாங்கியது, கோபத்தில் அது தெரியவில்லை.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்து தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தார். பிழிவதும், புளிச்சாறு பட்ட விரலை உதறுவதும், ஊதுவதுமாக இருந்தார். என்னைக் கண்டதும் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு அசைவு எனக்குப் போதும்.

"கையக் காட்டுங்க."

"எதுக்கு? வந்ததும் வராததுமா..."

"அம்மா, கையக் காட்டுங்க."

காட்டினார். இடது கையில் ஐந்து விரலின் நுனியிலும் புள்ளி. வலது கையில் நான்கில். வலது கட்டைவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது, பத்தாவது பெயர் இல்லாததால் தப்பிய விரல். மூன்று வாரம் ஆகியும் இரண்டு விரல் ஆறவில்லை. பாத்திரம் கழுவுகிற கை எங்கே ஆறும்?

நான் கத்தினேன். குழந்தைகள் தூங்குவதுகூட நினைவில்லை. "ஒங்களுக்கு என்ன பைத்தியமா? மூணு வாரமா நான் அங்க செத்துக்கிட்டு இருக்கேன்! ஒன்பது பேரு ரத்தத்த நீங்களே குடுத்திருக்கீங்க!"

"மெதுவா பேசு, புள்ளைக எந்திரிச்சிரும்" என்றார் அம்மா. பிறகு, என்னவோ நான்தான் புரியாமல் பேசுகிற மாதிரி, "அவங்களால குடுக்க முடியல. பேரு விடுபடக் கூடாதுல்ல? அதான் நான் போட்டேன்" என்றார்.

மலையில் ஒருத்திக்கு முடியாத நாளில் பக்கத்து நிரையில் நிற்பவள் தன் கூடையில் கொஞ்சம் எடுத்து அவள் பெயரில் தராசில் போடுவது எங்களுக்குப் பழக்கம். காய்ச்சல்காரிக்கு, பிள்ளை பெற்றுத் திரும்பியவளுக்கு, முதுகு பிடித்தவளுக்கு எல்லாம் அப்படிப் போட்டிருக்கிறார்கள். கங்காணிக்கும் தெரியும், கண்டும் காணாமல் இருப்பார். அம்மாவும் அப்படி எத்தனையோ பேருக்குப் போட்டவர். அதே கையால் இதையும் போட்டுவிட்டார்.

"ரத்தமும் கொழுந்தும் ஒண்ணாம்மா?"

"ஒரு சொட்டுத்தானே கேட்ட. யாரு ரத்தமா இருந்தாலும் செகப்பாத்தானே இருக்கு."

"அது எப்பிடிம்மா... சரி, அவங்களால ஏன் குடுக்க முடியல? அதச் சொல்லுங்க முதல்ல."

அம்மா தேசிக்காய்த் தோலைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். சொல்ல விருப்பமில்லை என்று தெரிந்தது. அந்த நேரம் பக்கத்து லயத்து அத்தை, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். அவர்தான் உடைத்துச் சொன்னார்.

"நீ மொத தடவ நடுவெரல்ல குத்துன பாரு பாப்பா, அது ஒரு கெழம எரிஞ்சிச்சு. கொழுந்து எடுக்குற வெரல்ல குத்துனா என்ன ஆகும்? சாறு பட்டுப் பட்டு சீழே வச்சிருச்சு. ஒங்கம்மாகிட்ட முடியாதுன்னுட்டோம். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. எங்க புள்ள படிச்சிட்டு வந்து மொத மொதல்ல செய்யுற வேல, மனசு நோகும்னாங்க."

நடுவிரலிலோ மோதிர விரலிலோ குத்தலாம் என்று கைநூலில் இருந்தது. நடுவிரலில் சொட்டு நன்றாக வருகிறது என்று நான் அதையே எடுத்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்துதான் கொழுந்தை ஒடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அந்த விரல்கள் எடுத்த கொழுந்தில் படித்தவள் நான். நாற்பது பெண்கள் வரிசையாக என் முன்னால் விரலை நீட்டினார்கள், நான் நாற்பது பேருக்கும் வேலை செய்கிற விரலில் குத்தினேன், அதுவும் ஒரு திங்கட்கிழமை காலையில். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அம்மா மேல் இருந்த கோபம் போகவில்லை. இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிக மெதுவாகப் பேசினார், அரை மணிநேரம் பேசினார். ஒன்பது அட்டையும் நீக்கப்படும், நடந்தது பதிவாகும், இனி அம்மா ஊசியைத் தொடக் கூடாது. முடியாது என்று சொல்ல அந்தப் பெண்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதை அவர்கள் உன்னிடம் நேரே சொல்ல முடியாமல் போனது உன் பிழை என்றார். கடைசியில் கெடுவை ஒரு நாள் மட்டும் தள்ளி வைத்தார். வரும் சனிக்கிழமை நானே போய் அந்த ஒன்பது பேரிடமும் கேட்கவேண்டும். விருப்பத்தோடு கொடுப்பவர்களிடம் எடுக்கலாம். போதுமான பேர் கொடுத்தால் தோட்டம் இருக்கும்.

நான் எழுந்து கதவு வரை போய்விட்டேன்.

"இரு" என்றார் மேடம். "அம்மாவுக்கு எப்போது காய்ச்சல் வந்தது?"

"யார் அம்மாவுக்கு?"

"உன் அம்மாவுக்குத்தான். ஒன்பது குழியும் அவருடையது என்றால், அவருக்குத்தானே எலிக்காய்ச்சல் வந்திருக்கிறது?"

மூன்று வாரம் அந்த மஞ்சளைத் திட்டினேன், கழுவினேன், ஐதாக்கினேன், வேறு ஆட்டிடம் போனேன். அது எந்த உடம்பின் மஞ்சள் என்று தெரிந்த பிறகும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. "அம்மாவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை மேடம்" என்று சொன்னேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்துக்குப் போனேன். ஞாயிறு ஓய்வு, ஒரு நாளாவது விரல் ஆறும். இடது கை மோதிர விரலில் குத்துகிறேன், விருப்பமில்லாவிட்டால் வேண்டாம், எனக்கு மனசு ஒன்றும் நோகாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருத்தி மகளின் பிரசவத்துக்கு மஸ்கெலியாவுக்குப் போயிருந்தாள். மிச்சம் எட்டுப் பேரும் வந்தார்கள். முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று என்னைக் கேலி செய்துகொண்டே விரலை நீட்டினார்கள். எட்டுப் பேர் போதும், தோட்டம் ஆய்வில் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா ஊசியைத் தொடவில்லை. பஞ்சை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில், ஆய்வு தொடங்கும்போது நான் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. எலிக்காய்ச்சலின் அறிகுறிகள்: காய்ச்சல், கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி. கெண்டைக்கால் வலி என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். இந்த நோய்க்கென்றே வருகிற வலி அது.

"அம்மா, ஒங்களுக்கு எப்பயாச்சும் இந்தக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் மழையில வந்துச்சே" என்றார், பஞ்சைப் பிய்த்தபடி. "கான் அடச்சிருந்துச்சுன்னு எறங்கி வாருனேன்ல, அதுக்கப்புறம். டிஸ்பென்சரியில குளிச குடுத்தாங்க. பத்து நாளாச்சு எந்திரிக்க."

"பத்து நாளா? எனக்கு ஏன் சொல்லல?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் குறை சொல்கிற பாவனைகூட இல்லை. நடந்ததை நினைவுபடுத்திச் சொல்கிற முகம்தான்.

"சொன்னேனே புள்ள. போன்ல சொன்னேன், கெண்டக்கால் ரெண்டும் உளையுது, எந்திரிக்கவே முடியலன்னு. நீ ஏதோ தட்டு போட்டுக்கிட்டு இருந்த. வயசாச்சுல்ல, எண்ணெ தேயுங்கம்மான்னு சொன்ன. தேச்சேன்."

எனக்கு அந்த அழைப்பு நினைவு வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, குழிகளை எண்ணிக்கொண்டு, எண்ணிக்கை தப்பிவிடுமே என்ற எரிச்சலில் நான் சொன்ன பதில் அது. சுவரில் இருந்த தாளில் அந்த வார்த்தை என் கையெழுத்தில் இருந்தது.

"என்ன பாப்பா, குத்தலயா?" என்றார் பக்கத்து லயத்து அத்தை. அவருடைய மோதிர விரல் என் முன்னால் நீட்டியபடி காத்திருந்தது.